தேனீப் பெட்டிக்குச் சாட்சி

சாயங்காலம் ஆறு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். மொட்டை மாடியில் தையற்காரி வைத்திருக்கும் இரண்டு தேனீப் பெட்டிகளும் இருக்கணுமா, போகணுமா என்று அங்கே கை தூக்கி முடிவு செய்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து, எடுத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர் மூன்றாம் மாடி மேனேஜர். வங்கி வேலையை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டபாடில்லை.

"மூணு வருஷம் முன்னாடி நம்ம தேனீ பேப்பர்லயே வந்துச்சே சார்," என்றாள் தையற்காரி.

"எங்க, காட்டுங்க பார்ப்போம்," என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எங்கே காட்டுவது? அந்தப் பேப்பரில்தான் யாருக்கோ காலர் அளவு வெட்டியிருந்தாள்.

மத்தியானமே நூலகத்துக்கு ஓடினாள். கட்டுரைகளையும் பழைய பேப்பர் செய்திகளையும் தேடித் தரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மனதில் இருந்ததை அப்படியே தட்டினாள்: 'எங்க மாடியில தேனீ வளர்த்தா குழந்தைங்களுக்கு ஆபத்தா இல்லையா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.'

முடிவுகள்: பூஜ்யம்.

எட்டிப் பார்த்த நூலகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, இதுகிட்ட கெஞ்சவெல்லாம் வேண்டாம். முக்கியமான வார்த்தைய மட்டும் போடுங்க."

'தேனீ' என்று போட்டாள். நாற்பதாயிரம் கட்டுரைகள் வந்து குவிந்தன.

"ஐயோ, கூட்டம் இன்னைக்கும்மா. அடுத்த ஜென்மத்துல இல்ல!"

"அளவு எடுக்காமலா துணி வெட்டுவீங்க? நகரம், மொட்டை மாடி, கொட்டுதல், எல்லாத்தையும் சேருங்க. ஓரத்துல 'ஆய்வுக் கட்டுரை மட்டும்'னு இருக்கு பாருங்க, அதையும் டிக் பண்ணுங்க."

பதினொன்று மிஞ்சியது. முதல் கட்டுரையின் சுருக்கத்தில், நகரத்துத் தேனீக்களால் பெரிய ஆபத்தில்லை என்றிருந்தது. "இது போதும், பிரிண்ட் எடுத்துக் குடும்மா," என்று எழுந்துவிட்டாள்.

"சுருக்கத்தோட எழுந்துட்டா எப்படிக்கா? உள்ள என்ன குண்டு வெச்சிருக்காங்களோ!"

வைத்துத்தான் இருந்தார்கள். ஆள் நடமாடும் வழியைப் பார்த்துப் பெட்டி வாசல் இருந்தால் கொட்டு அதிகம் என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி. அவள் பெட்டிகள் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மேனேஜரின் பேத்தி போன வாரம் கொட்டு வாங்கியதும் அதே படியில்தான். தையற்காரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்து பேப்பர் செய்தி. கட்டடத்தின் பெயரைப் போட்டாள், தெருவைப் போட்டாள், வருஷத்தைப் போட்டாள். ஊஹும். அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். "அப்போ அது பேப்பர்ல வந்ததே கனவா?"

நூலகர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த டிக்கை எடுக்கவே இல்லையே! ஆய்வு மட்டும்னு சொல்லிட்டு செய்திய கேட்டா எங்கிருந்து வரும்?"

டிக்கை எடுத்ததும், படத்தோடு பளிச்சென்று வந்து நின்றது செய்தி. படித்தவள் சிரித்த சிரிப்பில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

கூட்டத்தில் முதலில் ஐந்தாம் பக்கத்தைத்தான் வாசித்தாள். "தப்பு என்னோடது சார். ராத்திரி தேனீங்க அடைஞ்சதும் பெட்டி வாசல ஆள் நடமாடாத பக்கமா திருப்பிடறேன். இனி படியில வராது."

மேனேஜர் மீசையை நீவிக்கொண்டார். "சரி, அந்தப் பேப்பர் எங்க?"

நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "'இந்தத் தேனீக்கள் எங்கள் கட்டடத்தின் பெருமை' என்கிறார், மூன்றாம் மாடியில் வசிக்கும்..." அதோடு நிறுத்திவிட்டார்.

"ஏங்க, பேரையும் வாசிங்களேன்," என்றாள் அவர் மனைவி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் படத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "ஆனாலும் போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு," என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், முதலில் தூக்கியது அவர்தான்.