ஜெயபாரதி பேரில் இருந்த வண்டி

ஜெயபாரதிக்குச் சீராகக் கொடுத்து, நான்கே மாதத்தில் அவளோடு சேர்ந்து வீடு திரும்பிவிட்ட காரை என்ன செய்வது என்று அவளைத் தவிர எல்லோரும் யோசித்தார்கள். அப்பா தண்டாயுதபாணி யோசித்தார். அம்மா மருதம்மாள் யோசித்தாள். பனியன் கம்பெனிகள் நிறைந்த ராயபுரத்தில் அக்கம்பக்கத்து வீடுகள்கூடத் தங்கள் பங்குக்கு யோசித்தன. அடுத்த வீட்டுப் பெண்ணின் விஷயம் என்றால் யோசிக்க யாருக்குத்தான் கசக்கும்?

கார் வீட்டுக்குப் பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் ஷெட்டின் ஓரத்தில் தார்ப்பாய் மூடி நின்றது. வெள்ளை நிறத்தில் சின்னக் கார். ஜெயபாரதி அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். அப்பாவின் கம்பெனியில் அதற்கு ஆள் இருந்தார்கள். ஆனாலும் காலையில் உட்கார்ந்தால் மிஷின் நிற்கும்வரை வெட்டுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டால் போகமாட்டாள். அழுதால்கூடத் தேற்றலாம். அவள் அழவும் இல்லை என்பதுதான் மருதம்மாளுக்குப் பயமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது பல்லடத்தில் நூல் வியாபாரம் செய்யும் சாமியப்பன் வீட்டில். மாப்பிள்ளை அவர் மகன் அருள்செல்வன். கார் கேட்டார்கள், தண்டாயுதபாணி கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை மகள் பேரில் பதிவு செய்துவிட்டார். அதுவே சாமியப்பன் வீட்டில் முதல் முகச்சுளிப்பு. அடுத்தது வண்டியின் அளவு. "எங்க கணக்குப்பிள்ளைகூட வெச்சிருக்காப்ல இந்த மாதிரி வண்டி" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நாளடைவில் அதைச் சமையலறையிலும் சொன்னார்.

ஒரு நாள் பல்லடத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அருள்செல்வன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான். இந்த வண்டியிலிருந்து இறங்குவதை நாலு பேர் பார்க்கக்கூடாதாம். "நீ உக்காரு, சொல்லி அனுப்பறேன்" என்று போனவன், விருந்தெல்லாம் முடிந்து வெற்றிலை மென்றுகொண்டே திரும்பி வந்தான். ஜெயபாரதி பட்டுப்புடவையில் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தாள். சித்திரை வெயில். கதவு உள்ளிருந்தே திறக்கும், பூட்டவில்லை. அவள் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அவளையே கேட்டால் அவளுக்கும் தெரியாது. வண்டியைக் கிளப்பும்போது அவன் கேட்டான்: "சாப்பிட்டயா?"

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தான். அன்றைக்கு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்று ஜெயபாரதிக்குச் சில சமயம் தோன்றும்.

அதற்கப்புறம் ஆடிச்சீருக்குப் போகிற மாதிரி அவளை அதே காரில் ஏற்றி, டிரைவரை வைத்து ராயபுரத்துக்கு அனுப்பினார்கள். டிரைவர் சாவியைத் தண்டாயுதபாணியின் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனான். மறுநாள் சாமியப்பன் போன் செய்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பெரிய டீசல் வண்டியா மாத்தி, பையன் பேருல எழுதிக் குடுத்தனுப்புங்க. பொண்ணும் அதுலயே வந்துரட்டும்" என்றார். கடையில் சரக்கு மாற்றிக் கேட்பவர்கூட இன்னும் கொஞ்சம் கூச்சப்படுவார்.

புரட்டாசி பிறந்தது. 2006-ஆம் வருடத் தீபாவளிக்கு, கார் வாங்கிய அதே ஷோரூமிலிருந்து கடிதம் வந்தது. பழைய வண்டியைக் கொடுத்து, மேலே பணம் போட்டுப் புது வண்டி எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாகச் சலுகை உண்டு. புது வண்டி வேண்டாம் என்றால், ஓட்டம் குறைவான வண்டிகளை அவர்களே திருப்பி விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் தீபாவளி வரைக்கும்தான்.

வண்டியைப் பார்த்து விலை சொல்ல ஷோரூமிலிருந்து முனீஸ் என்றொருவர் வந்தார். ஊர் சாத்தூர்ப் பக்கம். தார்ப்பாயை விலக்கி, பானெட்டைத் திறந்து, கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாங்கிய விலைக்குக் கிட்டவே வராத ஒரு தொகையைச் சொன்னார். தண்டாயுதபாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு கீறல் இருக்குதுங்களா? ஓடவே இல்லீங்க தம்பி, நின்ன வண்டிங்க இது."

"இல்லேங்கல ஸார். வண்டி தங்கமாத்தான் இருக்கு. ஆனா ஒரு கை மாறிட்டா மாறினதுதான. நாளைக்கு வாங்குறவன் அதைத்தான முதல்ல கேப்பான்?"

தண்டாயுதபாணி வாயை மூடிக்கொண்டார். பனியன் தொழிலில் அவர் பார்க்காத பேச்சா இது? ஒரு நூல் பிசகியிருந்தாலும் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கி, ஏற்றுமதிக்குத் தைத்ததைச் சந்தை விலைக்குத் தள்ளியவர் எத்தனையோ பேர். அவரே தள்ளியும் இருக்கிறார். மருதம்மாள் மகளைப் பார்த்தாள். ஜெயபாரதி கத்தரிக்கோலை நிறுத்தாமல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. விழுந்தால் என்ன?

அதற்கப்புறம் வீட்டில் தினமும் இதே பேச்சு. வண்டியை மாற்றினால் மகள் பல்லடம் போவாள். திருப்பிக் கொடுத்தால் மகள் இங்கேதான். நடுவில் வேறு வழி இல்லை.

"மாத்திக் குடுத்துட்டா ஒரு தொல்லை உட்டுதுங்க. பொண்ணு பொழைச்சுக்கும்" என்பாள் மருதம்மாள்.

"இன்னைக்கு வண்டி. நாளைக்கு வேற ஒண்ணு கேட்டா?" என்பார் அவர்.

"நாளைக்குக் கேட்டா நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

இந்தப் பேச்சு நடக்கும்போது ஜெயபாரதி பக்கத்திலேயேதான் இருப்பாள். கிரகப்பிரவேசத்தன்று நடந்ததை அம்மாவிடம் எப்போதோ சொல்லியும் இருக்கிறாள். "ஆம்பளைக்கு நூறு சோலி கண்ணு. மறந்திருப்பாப்ல" என்று அம்மா சொன்னதோடு அது முடிந்துபோயிற்று. இப்போது அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பாள். பொய்யில்லை, அவளுக்கென்று ஓர் இஷ்டம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் தண்டாயுதபாணி சாமியிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். அந்தக் குடும்பத்தில் தறி ஓட்டிய காலத்திலிருந்தே எந்தக் காரியத்துக்கும் முருகனிடம் பூக் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி பாதத்தில் வைத்துவிட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. சிவப்பு வந்தால் புது வண்டி, பல்லடம். வெள்ளை வந்தால் காரை ஷோரூமிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமியப்பனுக்கு ஒரு கும்பிடு.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் அந்தக் காரிலேயே அலகுமலை முருகன் கோயிலுக்குப் போனார்கள். தண்டாயுதபாணி ஓட்டினார். மருதம்மாள் விடியலிலேயே அரளி பறித்துப் பொட்டலம் கட்டிக் கூடையில் வைத்திருந்தாள். மலை ஏறி, அர்ச்சனை முடிந்து, பூசாரி இரண்டு பொட்டலத்தையும் சாமி பாதத்தில் வைத்துக் குலுக்கினார்.

அவர் கை கீழே போன நேரத்தில் ஜெயபாரதியின் மனசுக்குள் ஒரு சொல் வந்தது. வெள்ளை. அவள் நினைத்து வரவில்லை. தானாக வந்தது. வெள்ளை, வெள்ளை, முருகா வெள்ளை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி.

"உத்தரவு ஆயிருச்சு போங்க" என்றார் பூசாரி. மருதம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்டாயுதபாணி கண்ணை மூடி நின்றார். ஜெயபாரதி கும்பிட்ட கையை இறக்கினாள். சாமியே சொல்லிவிட்டது, சரி. விபூதியைப் பூசிக்கொண்டு படி இறங்கினாள்.

அங்கிருந்து நேராக ஷோரூமுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. பல்லடத்துக்கும் நாளைச் சொல்லியிருந்தார்கள். காரின் பின் சீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் பூசியது கண்ணில் விழ, துடைக்கத் துணி எடுக்கலாம் என்று ஜெயபாரதி கூடைக்குள் கையை விட்டாள். பூசாரி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த இன்னொரு பொட்டலம் கையில் பட்டது. எதற்கென்று இல்லாமல் பிரித்தாள். அதிலும் செவ்வரளி.

அம்மாவைப் பார்த்தாள். மருதம்மாளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கும் கணவருக்குக் கேட்காமல், மகளின் காதோரம் குனிந்து சொன்னாள்:

"சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டா நான் என்ன கண்ணு பண்ணுவேன்?"

ஜெயபாரதிக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. பொட்டலத்தை மறுபடி மடித்துக் கூடையில் வைத்தாள். ஒன்று மட்டும் விளங்கியது. தன்னைத்தான் யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தாள், சாமியையும் யாரும் கேட்கவில்லை.

அவிநாசி ரோட்டு ஷோரூமில் பளிங்குத் தரையில் பெரிய வண்டிகள் மாலை போட்டு நின்றன. முனீஸ் குளிர்பானம் வரவழைத்து, இரண்டு படிவங்களை மேஜையில் எடுத்து வைத்தார்.

"எக்ஸ்சேஞ்சுங்க தம்பி. எழுதிக்குங்க" என்றார் தண்டாயுதபாணி.

"எழுதிருவோம் ஸார். வண்டி மேடம் பேர்ல இருக்கு, அதான் அவுங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்." அவர் ஜெயபாரதியின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மேடம். புது வண்டி எடுக்கீங்களா, இல்ல இதை நாங்களே எடுத்துக்கிடவா?"

அது அவர் நாள் முழுக்க எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பதில் எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் பேனாவை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

"நீங்களே எடுத்துக்குங்க. புது வண்டி வேண்டாம்."

குரல் தட்டையாக, கடையில் உப்பு கேட்பதுபோல இருந்தது.

"கண்ணு" என்றார் தண்டாயுதபாணி. "சாமி உத்தரவு குடுத்துருச்சல்லோ?"

ஜெயபாரதி அம்மாவைப் பார்க்கவில்லை, கூடையையும் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. மருதம்மாளே வாயைத் திறந்தாள்.

"சாமி ஒண்ணும் சொல்லலீங்க. ரெண்டுலயும் செவப்புத்தான் கட்டி வெச்சேன்."

தண்டாயுதபாணி அதிர்ந்துபோவார், நாலு பேர் இருக்கிற இடம் என்றும் பாராமல் கத்துவார் என்று மருதம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"தெரியும்" என்றார். "காத்தால நீ செவ்வரளிகிட்ட மட்டும் நின்னு பறிச்சதைப் பாத்தேன்."

முனீஸ் நல்ல மனிதர், கணினியில் ஏதோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தண்டாயுதபாணியின் சட்டைப் பையில் போன் அடித்தது. சாமியப்பன். அவருக்குப் போனிலும் தறிக்கொட்டகையில் பேசுகிற குரல், மேஜை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, வண்டி இன்னைக்கு வந்துருமுங்களா? பையன் கருப்புக் கலருன்னு சொன்னானுங்க."

தண்டாயுதபாணி போனைக் காதில் அழுத்திக்கொண்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்கட்டும். வேண்டாம், அவளும் வருகிறாளா என்றாவது கேட்கட்டும்.

"வேற ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?" என்று இவரே எடுத்துக் கொடுத்தார்.

"அட ஆமாங்க, மறந்தே போச்சு பாருங்க" என்றார் சாமியப்பன். "சீட்டுக்கு அங்கயே நல்ல கவராப் போட்டுருங்க."

தண்டாயுதபாணி மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி வராதுங்க" என்றார். "பொண்ணும் வராதுங்க."

எதிர்முனையில் சத்தம் கூடியது. அவர் போனை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டு, "பாப்பா சொன்னபடி எழுதுங்க தம்பி" என்றார்.

ஜெயபாரதி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சாவியை முனீஸ் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றார்கள். லாரிகளும் பனியன் கம்பெனி வேன்களும் போய்க்கொண்டிருந்தன. மருதம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். ஜெயபாரதிக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கால் மட்டும் வலித்தது.

தண்டாயுதபாணி ஆட்டோ ஒன்றைக் கைகாட்டப் போனவர், கையை இறக்கிவிட்டு மகளிடம் வந்தார். அவளிடம் எப்படிக் கேட்பது என்றே அவருக்குப் பழக்கமில்லை, இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனி என்ன பண்ணலாம், கண்ணு? நீ சொல்லு."

அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"தெரியலீங்கப்பா" என்றாள்.

"செரி" என்றார் அவர். அவசரப்படுத்தாமல் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.