நண்டுப் பாட்டு

என் அக்கா காத்தாயி ஒப்பாரி வைத்தால் மணமேல்குடியில் ஆண்பிள்ளைகளும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மகன் கார்முகில் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவளே கட்டிப் பாடியது ஒன்று உண்டு. 'அலையெண்ணிக் காத்திருந்தேன், ஆளு வரலே, வலை வந்துச்சே' என்று தொடங்கும். அது அவனுக்கென்று கட்டியது. வேறு சாவுக்கு அதை அவள் எடுத்ததில்லை.

என் மகள் சுடர்விழி சென்னையில் அனிமேஷன் படித்தவள். அந்தப் பாட்டை வைத்துப் படம் பண்ணப்போவதாக ரெக்கார்டரோடு வந்து நின்றாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. அதனால் அக்கா அவளைச் சவுக்குத் தோப்புக்குக் கூட்டிப்போய்ப் பாடினாள். திரும்பி வந்து, வாசலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைந்தாள். கேட்ட பாவத்துக்கு என் மகள் தலையிலும் ஒரு குடம்.

"ரெக்கார்டர் நனையுது பெரியம்மா."

"அதுந்தான கேட்டுச்சு" என்றாள் அக்கா.

பிறகு சுடரும் அவள் கூட்டாளிகளும் வாடகை அறையில் வருஷக்கணக்காக வரைந்தார்கள். ஒரு நண்டு காலைத் தூக்கி வைக்கவே ஒரு வாரம் ஆகிறதாம். இந்த வேகத்தில் போனால் உனக்குக் கல்யாணம் ஆன மாதிரிதான் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைக் காட்ட முடியாதென்று, கரைக்கு வராத தோழனைத் தேடும் சிவப்பு நண்டை வரைந்திருந்தாள். இசை போட்ட பையன் பாட்டைக் கொஞ்சம் வேகமாக்கித் தாளம் சேர்த்தான்.

ஊர் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். அக்கா நண்டைப் பார்த்துச் சிரித்தாள், கடைசியில் அழுதாள், சுடரின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அத்தான் வீரய்யா எழுந்திருக்கவே இல்லை. வெளிச்சம் போட்ட பிறகு அக்காவிடம் சொன்னார்.

"நான் போனாலும் இதையே பாடு காத்தாயி. நம்ம பய கேட்டுட்டு வந்து என்னைய அங்கிட்டு கூட்டிக்கிட்டுப் போவான்."

"பாடுறேன். இப்ப வீட்டுக்கு வாங்க" என்றாள் அவள்.

படம் எங்கெங்கோ பரிசு வாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்டு ஆட்டோ முதுகில் ஏறியது, பள்ளிக்கூடச் சுவரில் ஏறியது, பிறந்தநாள் கேக்கிலும் ஏறியது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டி அதைப் பாடினார்கள். கறம்பக்குடியில் ஒரு கல்யாணத்தில்கூடப் போட்டார்கள். தோப்புக்குப் போய்ப் பாடிவிட்டுத் தலை முழுகிய பாட்டு, வீட்டுக்கு வீடு டிவியில் ஓடியது. ஒருத்தரும் தலை முழுகவில்லை.

போன ஐப்பசியில் அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

பெண்கள் தோளோடு தோள் கட்டி உட்கார்ந்து அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் எடுத்தாள்.

"அலையெண்ணிக் காத்திருந்தேன்..."

பந்தலுக்கு வெளியே பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஆளு வரலே, வலை வந்துச்சே. விரல்கள் ஆடின. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு, பாடினார்கள். ஒருத்தி ஓடிப்போய்த் தன் மகளை முதுகில் அறைந்தாள். மற்றவர்கள் அதட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை வைவதென்று தெரியவில்லை.

அமைதியானதும் அக்கா மறுபடி எடுத்தாள். இரண்டாவது அடியிலேயே பாட்டு நண்டுப் படத்து வேகத்தில் ஓட ஆரம்பித்தது. நிறுத்தினாள். மூச்சை இழுத்து மெதுவாக எடுத்தாள். அதுவும் ஓடியது. வாயை மூடிக்கொண்டாள்.

சுடர் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "நெட்லேர்ந்து எடுத்துடுறேன் பெரியம்மா. எல்லாத்தையும் எடுத்துடுறேன்."

"எடுத்து என்னத்தா பண்ண" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "புள்ளைகளையும் வையாதீக. கண்ண மூடுனா எனக்கே நண்டுதான் வருது. எம்மவன் மொகம் வரமாட்டேங்குது."

வேறு ஒப்பாரி எடுக்கச் சொன்னார்கள். அவர் கேட்டது அதில்லையே என்றாள்.

அத்தானைப் பாட்டில்லாமல்தான் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியில் கிடந்த அவள் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, படத்தில் வருகிற அதே தாளம். நான் என் கையை வைத்து அழுத்தினேன். உள்ளே அது நிற்கவில்லை.