தையற்கடைத் தரையின் இழுப்பு

இஸ்திரிப் பெட்டி திடீரென்று கனக்கிறது என்று தையற்காரத் தம்பி சொன்னபோது, இயற்பியல் ஆசிரியையான அக்கா சிரித்தாள்.

"சோம்பேறித்தனத்துக்குப் புதுப் பேரா?"

இருந்தாலும் சுருள்வில் தராசோடு கடைக்கு வந்து, இரண்டு கிலோ இரும்புக் குண்டைத் தொங்கவிட்டாள். முள் 21.6 நியூட்டன் காட்டியது. அந்த விசையை நிறையால் வகுத்தாள். கிலோவுக்கு 10.8. அதுதான் அந்த இடத்தின் ஈர்ப்புப் புலச் செறிவு. ஆனால் 9.8தானே இருக்க வேண்டும்? தெருமுனைக்குப் போய் அளந்தாள். அங்கே சரியாக 9.8.

"கடைக்குக் கீழ ஏதோ பெரிய பாரம் இருக்குடா."

"இருந்துட்டுப் போகட்டும். சோறா கேக்குது?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அளந்தாள். 13.8. தம்பிக்குக் கத்தரிக்கோலைத் தூக்கவே கை வலித்தது.

"காலைல ஒண்ணு அதிகம், இப்ப நாலு அதிகம். அப்ப பாரம் நாலு மடங்கு ஆயிடுச்சாக்கா?"

அக்கா தராசைக் கீழே போட்டாள்.

"பாரம் அப்படியெல்லாம் வளராது. தூரம் பாதியானாலும் இழுப்பு நாலு மடங்காகும். அது மேல வந்துக்கிட்டிருக்குடா!"

போட்டது போட்டபடி இருவரும் எதிர்ச்சாரிக்கு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் கடை அமைதியாகத்தான் இருந்தது. தெருவில் கிடந்த சருகுகள் மட்டும், காற்றே இல்லாமல், கடை வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

"எல்லாரையும் வெளிய கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, அக்கா அந்த எதிர்ச்சாரியிலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினாள். யாரோ முந்தானையைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்கு, கடைப் பக்கமாக, இழுப்பதுபோல் இருந்தது.