சுழி போடாத நாட்கள்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முதல் சங்கு ஊதும். சமயநல்லூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே மில்லுக்குள் நுழைவார்கள். உள்ளே நூல் நூற்கும் ஃபிரேம்கள் நாற்பது. ஓட ஆரம்பித்தால் உள்ளங்காலில் தரை அதிரும்; பஞ்சுத் தூசி இமையில் ஒட்டும், எச்சிலில் கரையும். அதற்கு முன் டைம்கீப்பர் பேர் கூப்பிடுவார்.

“மலையம்மாள்.”

“உள்ளேன்.”

“முத்துத்தாய்.”

முத்துத்தாய் இறந்து பதினைந்து நாள் ஆகிறது. பட்டியலிலிருந்து அவள் பேரை ஆபீஸ் இன்னும் அடித்து நீக்கவில்லை. டைம்கீப்பர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்து அடுத்த பேருக்குப் போனார். அந்த ஒரு மூச்சில் வரிசையில் நின்றவர்கள் பக்கத்தில் இருந்தவள் கையைத் தொட்டுக்கொண்டார்கள்.

அவளைக் கொண்டுபோனது பதினாலாம் நம்பர் ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமின் தலைமாட்டிலும் பல்சக்கரங்கள் உண்டு; அவற்றுக்கு இரும்பு மூடியும் உண்டு. மார்ச் பன்னிரண்டாம் தேதி அந்த மூடி இல்லை. ஒரு சாக்கைக் கட்டி மறைத்திருந்தார்கள். பஞ்சு கூட்டக் குனிந்தவளின் சேலைத் தலைப்பைச் சாக்கோடு சேர்த்துச் சக்கரம் இழுத்தது. எதிர் ஃபிரேமில் நின்ற ராமக்காள் ஓடிவந்து சுவிட்சை அமுக்கினாள். இன்றும் அந்த மூலையைத் தாண்டும்போது, யாரோ குனிந்திருப்பதைப் போல அவள் விலகி நடக்கிறாள்.

நோட்டீஸ் பலகையில் முதலாளி இப்படி ஒட்டியிருந்தார்: விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம், பதினாலாம் ஃபிரேம் அந்த மாதம் ஒருநாள்கூட பழுதாகி நிற்கவில்லை, கம்ப்யூட்டரே சாட்சி. நாளை ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். அந்தக் காகிதம் நிலைத்துவிட்டால், செத்தவள்தான் குற்றவாளி.

பத்து மணி டீ இடைவேளையில் ராமக்காள் கம்ப்யூட்டர் அறையின் ஜன்னலைத் தட்டினாள். உள்ளே இருந்தவள் பாகீரதி. சிம்மக்கல்லிலிருந்து வருபவள், மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவள்தான் அதை இயக்குகிறாள்.

“ஏம்மா, பதினாலு நிக்கவே இல்லேன்னு நீதான அடிச்சுக் குடுத்த? பன்னெண்டாந்தேதிக்கு முந்தி மூணு நாள் நின்னுச்சும்மா. பல்சக்கரம் தேஞ்சு, மூடியக் கழட்டிப் போட்டுட்டு, கோயமுத்தூர்லருந்து சாமான் வரட்டும்னு உக்காந்திருந்தாய்ங்க. வந்ததும் மூடியப் போடாமச் சாக்கக் கட்டி ஓடவிட்டாய்ங்க.”

“நான் பொய் அடிக்கலேக்கா. பதினாலுல அளவு சுழியா, சைபரா இருக்கற நாளைக் காட்டுன்னு கேட்டேன். ஒண்ணுமே இல்லேன்னுது. தினம் வந்ததும் கேட்டுப் பாக்கறேன். அதே பதில்தான்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? இல்ல, போனவ சொல்றாளா?”

பாகீரதியைத் தூங்கவிடாத கேள்வியும் அதுதான்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. பஸ்ஸின் கிலோமீட்டர் பெட்டியைப் போல எண்கள் உருளும். எவ்வளவு நூல் ஓடியது என்று காட்டும். விடிந்ததும் மீட்டர்காரர் நல்லகாமன் ஒவ்வொரு மீட்டராகப் பார்த்து, முந்தைய நாள் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஒரு சீட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வரி. அவ்வளவுதான் ஏற்பாடு. நின்ற நாளின் வரி எங்கே போயிற்று?

வராந்தாவில் போன நல்லகாமனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நின்ன ஃபிரேமுக்குச் சீட்டுல என்ன எழுதுவேள்?”

“நின்னதுக்கு எதுக்கும்மா சீட்டு? விடியக்காலம் சுழியப் போட்டா ஃபிரேம் படுத்துக்கும். எனக்கு மின்னாடி இருந்த விருமாண்டி அண்ணன் சொல்லிக் குடுத்தது. சுழி மட்டும் போடவே மாட்டேன்.”

பாகீரதி சீட்டுக் கட்டைப் புரட்டினாள். சீட்டு இல்லாவிட்டால் வரி இல்லை. தன்னிடம் உள்ள வரிகளில் மட்டுமே கம்ப்யூட்டர் தேடும். எழுதாத சுழியை அது எங்கே போய்த் தேடும்?

“இல்லாத ஒண்ணு எப்படிக்கா பதில் சொல்லும்?”

ராமக்காள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “காலையில பேர் கூப்புடுறாகள்ல. முத்துத்தாயின்னு கூப்புட்டாத்தான அவ இல்லேன்னு தெரியுது? கூப்புடாம விட்டா அந்த எடமே தெரியாமப் போயிரும்.”

பாகீரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒரு பட்டியல் செய்தாள். மார்ச் ஒன்றிலிருந்து நேற்று இருபத்தாறு வரை. ஞாயிறு நான்கு போக இருபத்திரண்டு நாள். ஒவ்வொரு நாளுக்கும் நாற்பது ஃபிரேம். மொத்தம் எண்ணூற்று எண்பது வரி. இது இருந்தாக வேண்டிய பட்டியல். இப்போது இதிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, இந்தத் தேதிக்கு, இந்த நம்பருக்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். இருந்தால் விட்டுவிடு. இல்லாவிட்டால் அச்சடி.

பச்சைத் திரையில் கோடு ஒன்று துடித்தபடி இருந்தது. எண்ணூற்று எழுபத்தைந்து வரிகள் பதில் சொல்லின. பிரிண்டர் கரகரவென்று ஐந்தே வரிகளைத் தள்ளியது.

பதினாலாம் ஃபிரேம்: ஒன்பது, பத்து, பதினொன்று.

முப்பத்தொன்றாம் ஃபிரேம்: இருபத்தைந்து, இருபத்தாறு.

“முப்பத்தொண்ணா?” ராமக்காள் ஜன்னல் கம்பியை விட்டாள். “இன்னைக்குக் காலையிலதான ஓடவிட்டாய்ங்க! மலையம்மா நிக்கிறா அதுல!”

ஓடினாள். முப்பத்தொன்றின் தலைமாட்டில் ஒரு சாக்கு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே சக்கரங்கள் சுழலும் காற்றில் அது மூச்சு விடுவதைப் போல உப்பித் தணிந்தது. ராமக்காள் சுவிட்சை அமுக்கினாள். பக்கத்து ஃபிரேம்காரி பார்த்தாள், அவளும் அமுக்கினாள். சத்தம் ஒவ்வொரு வரிசையாக இறங்கியது.

முதலாளி வேகமாக வந்தார். “யார் நிறுத்தச் சொன்னது? சாயங்காலம் லாரி ஏறணும் நூலு!”

“மொதல்ல சாக்கக் கழட்டச் சொல்லுங்க மொதலாளி.”

“மூடிய நாளைக்கு மாட்டிரலாம்.”

“முத்துத்தாய்க்கும் நாளைக்குன்னுதான் சொன்னீக.”

“அது அவ கவனக்குறைவு! கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

மலையம்மாள் கூட்டத்திலிருந்து சொன்னாள்: “மொதலாளி தன் வேட்டி நுனியக் கொஞ்சம் அந்தச் சாக்குக்கிட்டக் கொண்டு போகட்டும். கவனமாத்தேன்.”

யாரோ சிரித்தார்கள். முதலாளி ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லலே சார்.” வாசலில் பாகீரதி நின்றாள். “நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்.”

அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. “உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார்” என்றாள். காகிதத்தை ராமக்காளிடம் கொடுத்தாள்.

மில் கேட்டைப் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். பூட்டினாலும் பூட்டுவார். நாளை விசாரணையில் என்ன ஆகுமோ யாருக்கும் தெரியாது. நின்றுபோன கூடத்தில், பதினாலில் நூல் சுற்றும் ஒரு கதிர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது. எல்லோரும் அதைக் கேட்டார்கள். ஒருத்தியும் வெளியே போகவில்லை. ஃபிரேம்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்தார்கள். பாகீரதியும் உட்கார இடம் விட்டார்கள்.

பேசி முடிவு செய்தது இதுதான். நாளை விசாரணைக்குக் காகிதத்தோடு எல்லோரும் போவது. இனி ஓடினாலும் நின்றாலும் நாற்பது ஃபிரேமுக்கும் நாற்பது சீட்டு. நின்றதற்குச் சுழி போடுவதாக நல்லகாமன் ஒப்புக்கொண்டார். சுழி விழுந்த ஃபிரேமையும், சீட்டே வராத ஃபிரேமையும், மூன்று தொழிலாளிகள் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் ஓட்டுவதில்லை.