ஆக்னஸ் நின்ற இடம்

கதாநாயகியாக நடிக்கும் வில்ஹெல்மினா க்ரூவின் தொண்டை காலையிலிருந்தே கரகரத்துக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டரைக்குச் சுத்தமாக அடைத்துக்கொண்டது. மதியக் காட்சி இரண்டரைக்கு. லண்டனின் அந்தப் பழைய அரங்கில் அன்றைக்கு ஓர் இருக்கைகூடக் காலியில்லை.

செய்தியை நெரிஸ் ப்ரோபர்ட்டிடம் சொல்ல வேண்டிய வேலை ஸ்டேஜ் மேனேஜர் ஹெஸ்டர் காலோவேக்கு வந்தது. நெரிஸ் ஆறு வருடமாக அந்த இசை நாடகத்தில் மீன்கூடை சுமக்கிற பெண்களில் ஒருத்தி. கதாநாயகி ஆக்னஸுக்கு மாற்று நடிகையும் அவள்தான். வாரம் ஒருமுறை காலி அரங்கில் ஒத்திகை பார்ப்பாள். பார்வையாளர்கள் முன்னால் ஒரு தடவைகூட ஆக்னஸாக நின்றதில்லை. அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. ஹெஸ்டர் சொன்னதும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

நாடகத்தின் கதை துறைமுக வேலைநிறுத்தம். ஆக்னஸின் ஒரே மகன் கூட்டாளிகளைக் கைவிட்டு முதலாளி பக்கம் வேலைக்குப் போய்விடுகிறான். கடைசிக் காட்சியில் துறைமுக வாசலில் அம்மாவும் பிள்ளையும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆக்னஸ் பாடி முடித்ததும் இரண்டு பேருக்கும் நடுவில் இரும்புக் கதவு மேலிருந்து விழும். அசல் இரும்பு, அரை டன் எடை. பாட்டின் கடைசிச் சுரத்துக்குப் பிறகு நான்கு தாளம் எண்ணி, ஹெஸ்டர் பச்சை விளக்கைப் போட வேண்டும். அதைப் பார்த்து, மேலே பரணில் இருக்கும் கிளெம் நெம்புகோலை இழுத்துக் கதவை விடுவான். விட்டால் விட்டதுதான், பாதியில் நிறுத்த முடியாது.

ஒன்பது வருடமாக அந்த விளக்கு ஹெஸ்டரின் விரலில் இருந்தது. முதல் ஐந்து வருடம் ஆக்னஸாக நடித்தவள் ஜெரால்டின் ஃபாயில். அவளுடைய ஆக்னஸ் கோபக்காரி. கடைசிச் சுரத்தை மகன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் விழும். முழங்கால் அறுவைக்குப் பிறகு ஜெரால்டின் விலக, வில்ஹெல்மினா வந்தாள். அவளுடைய ஆக்னஸ் உருகிப்போகிறவள். மகனைத் தொடக் கையை நீட்டுவாள், நான்காவது தாளத்தில் சுட்டதுபோல் இழுத்துக்கொள்வாள், கதவு விழும். ஜெரால்டினைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள், வில்ஹெல்மினாவைப் பார்த்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எது சரி என்று வாசலில் நின்று சண்டை போடுகிற ரசிகர்களும் உண்டு.

இயக்குநர் லூசியன் ஹார்போர்டு அன்றைக்கென்று வந்திருந்தார். அடுத்த வருடத்துக்கும் வில்ஹெல்மினாவையே வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்ய வந்தவர், துணைக்கு ஜெரால்டினையும் அழைத்து வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் நேராக ஒப்பனை அறைக்கு வந்தார்.

"ஜெரால்டின் செஞ்சது உனக்கு மனப்பாடமா தெரியும்ல? அதையே செய். உன் சொந்தச் சரக்கெல்லாம் இன்னைக்கு வேணாம்" என்றார்.

நெரிஸ் தலையாட்டினாள். அவர் போனதும் கண்ணாடியில் ஹெஸ்டரைப் பார்த்தாள்.

"நீ ரெண்டு பேரையும் ஆயிரம் தடவை பாத்திருக்க. யாரு சரி, ஹெஸ்டர்?"

"ரெண்டு பேரும் சரிதான்."

"அது பதில் இல்லடி."

ஹெஸ்டர் யோசித்துச் சொன்னாள். "ஜெரால்டினோட ஆக்னஸ் வீட்டுலயே முடிவு பண்ணிட்டு வந்துருவா. வில்ஹெல்மினாவோடது அங்க வந்து நின்னுதான் முடிவு பண்ணும்."

நெரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் பாட்டின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் பாதி பிசகில்லாமல் ஓடியது. நெரிஸ் ஒவ்வோர் அடியையும் ஜெரால்டின் வைத்த இடத்தில் வைத்தாள். கை உயர்த்துவதும் அதே உயரம்தான். குரல் நன்றாக இருந்தது. ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரியும் இருந்தது. இடைவேளையில் ஹெஸ்டரின் ஹெட்செட்டில் கிளெம், தேவலையே, தப்பிச்சிட்டோம் என்றான். ஹெஸ்டருக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடைசிக் காட்சி வந்தது. ஹெஸ்டர் மேடையோரத்தில் தன் மேசைக்கு முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கைப் போட்டாள், தயாராக இரு என்று அர்த்தம். நெரிஸ் பாடத் தொடங்கினாள். இரண்டாம் சரணத்தில் ஜெரால்டின் முஷ்டியை உயர்த்துவாள். நெரிஸ் உயர்த்தவில்லை. குரலைத் தாழ்த்தினாள். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பாடினாள். மகனாக நடித்த ரூபர்ட்டின் கண்ணில் ஒரு திகைப்பு ஓடியதை ஹெஸ்டர் கண்டாள்.

கடைசிச் சுரம் முடிந்தது. ஒன்று. நெரிஸ் முதுகைத் திருப்பவில்லை. இரண்டு. முன்னால் நடந்தாள். தரையில் கதவு விழும் கோட்டின்மேல், இரண்டு கால்களையும் ஊன்றி நின்றாள். மூன்று.

"ஹெஸ்டர், கோட்டு மேல நிக்கிறா" என்றான் கிளெம். "விடவா?"

"விடாதே. நெம்புகோல்லேருந்து கையை எடு."

நான்கு.

விளக்கு சிவப்பாகவே இருந்தது. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்களின் பள்ளத்திலிருந்து இசை நடத்துநர் அதைப் பார்த்துவிட்டார். தூக்கிய கையை இறக்காமல் நிறுத்தினார். வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கின. திரையைப் போட்டுவிடலாமா என்று ஹெஸ்டர் யோசித்தாள். போட்டால் நாடகம் அங்கேயே செத்தது. போடாமல் இருந்து, மேலே ஏதாவது நழுவினால்?

மேடையில் நெரிஸ் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மேல் பொத்தான் திறந்திருந்தது, அதைப் போட்டுவிட்டாள். தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். பிறகு அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முதலாளிகளின் பக்கமாக, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளிவிட்டாள். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. ஹெஸ்டர் அவள் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் பின்னால் வந்தது. இன்னொரு கால். இன்னும் ஓர் அடி.

"கிளெம், நெம்புகோலைப் பிடி. இழு."

பச்சை. கதவு இடிபோல் விழுந்தது. நெரிஸ் உடம்பு அதிர்ந்ததை மேடையோரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை.

ஹெஸ்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. திரை இறங்கியதும் நெரிஸைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒப்பனை அறைக் கதவைச் சாத்தினாள்.

"செத்திருப்ப. தெரியுமா உனக்கு? அரை டன். நான் பழக்கத்துல பச்சை விளக்கைப் போட்டிருந்தேன்னா இந்நேரம் உன்னை அள்ளிட்டுப் போயிருப்பாங்க. அந்தப் பாவத்தை யாரு சுமக்கறது, நானா, கிளெம்மா?"

நெரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கோட்டைப் பாக்கவே இல்ல, ஹெஸ்டர். சத்தியமா. கதவே ஞாபகம் வரல."

பிறகு தானாகவே சொன்னாள். அவள் வேல்ஸில் ஒரு சுரங்க ஊரில் பிறந்தவள். எண்பத்துநாலில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அண்ணன் பத்து மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளை பட்டினி தாங்காமல் சுரங்கத்துக்குத் திரும்பினான்.

"அன்னைக்கு எங்கம்மா கத்தவும் இல்ல, அழவும் இல்ல. அவன் காலரைச் சரிபண்ணி, பொத்தானைப் போட்டு அனுப்பிவச்சாங்க. கதவைச் சாத்தினாங்க. அதுக்கப்புறம் பதினேழு வருஷம், சாகற வரைக்கும், அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் ஜெரால்டின் மாதிரிதான் செய்யணும்னு போனேன். ரூபர்ட் பொத்தான் திறந்திருந்துச்சு."

ஹெஸ்டரின் கோபம் குறையவில்லை. ஆனால் நெரிஸுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

லூசியன் வந்தார். முகம் கன்றியிருந்தது. சொன்னதை மீறியவளை இனி மேடையேற்ற முடியாது என்றார். சாயங்காலக் காட்சிக்கு யாரை ஏற்றுவது என்று ஹெஸ்டர் கேட்டாள். வில்ஹெல்மினா பேசவே முடியாமல் கிடந்தாள், வேறு ஆளில்லை. அவர் பேச்சை மாற்றினார்.

"அறிக்கையில என்ன எழுதப் போற?"

ஹெஸ்டருக்கு அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. காட்சி முடிந்ததும் நடந்ததை எழுதிக் கையெழுத்திடுவது அவள் வேலை. கதவு தாமதித்தது என்று மட்டும் எழுதினால் பழி கிளெம் மேல் விழும். நெரிஸ் கோட்டில் நின்றாள் என்று எழுதினால் அவள் கதை முடிந்தது.

"நடந்ததை எழுதுவேன். கோட்டு மேல நின்னா, நான் கதவை நிறுத்தினேன். ரெண்டும்."

நெரிஸ் அவளைப் பார்த்தாள்.

அப்போது கதவருகே கைத்தடியை ஊன்றி ஜெரால்டின் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. லூசியனைத்தான் பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் நான் ஏன் திரும்பி நின்னேன் தெரியுமா, லூசியன்? அந்தப் பையன் முகத்தைப் பாத்துக்கிட்டே என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான். நீங்க அதைக் கோபம்னு சொன்னீங்க, நானும் சரின்னுட்டேன்." பிறகு நெரிஸிடம், "நல்லா இருந்துச்சு. ஆனா முட்டாள்தனம். கோடு எங்கே இருக்குன்னு பாத்து நில்லு" என்றாள்.

லூசியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் ஒரு காட்சி, பிறகு பார்க்கலாம் என்றார்.

ஐந்திலிருந்து ஏழு மணிவரை காலி மேடையில் ஒத்திகை நடந்தது. ஹெஸ்டர் கோட்டுக்கு இரண்டடி முன்னால் வெள்ளை நாடா ஒட்டினாள். மகன்தான் அம்மாவிடம் வர வேண்டும், அம்மா நாடாவைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. பொத்தான், தூசி, திருப்புவது எல்லாவற்றையும் தாளத்தில் அடக்கினார்கள். நெரிஸ் பதினோரு தடவை செய்து காட்டினாள். கடைசியில் கிளெம்மிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் ஒரு பீர் வாங்கித் தரச் சொன்னான்.

சாயங்காலக் காட்சியில் அவள் நாடாவைத் தாண்டவில்லை. கதவு நேரத்துக்கு விழுந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையோரம் வந்த நெரிஸ் மூச்சு வாங்க நின்றாள்.

"மதியம் மாதிரி இருந்துச்சா?"

பொய் சொல்ல ஹெஸ்டருக்கு மனம் வரவில்லை. "இல்ல."

நெரிஸ் முகம் சுருங்கியது. பிறகு மெல்லத் தலையசைத்தாள். "எனக்கும் தெரிஞ்சுது. தாளத்தை எண்ணிக்கிட்டேதான் பொத்தானைப் போட்டேன்."

வில்ஹெல்மினாவின் தொண்டை தேற மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் நெரிஸ்தான் ஆக்னஸ். ஒன்பதாவது காட்சியிலோ பத்தாவதிலோ அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள் என்று ஹெஸ்டருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஹெஸ்டரும் தாளத்தை எண்ணவில்லை, அவள் கால்களைப் பார்த்தே விளக்கைப் போட்டாள். அடுத்த வருட ஒப்பந்தம் வில்ஹெல்மினாவுக்கே போயிற்று. புதன் மதியக் காட்சிகள் மட்டும் நெரிஸுக்கு என்று லூசியன் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது புதன்கிழமை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் வில்ஹெல்மினா என்று ஹெஸ்டர் கண்டுகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.