பன்னிரண்டு கூடை மீன்

மாக்கிறட் தன் மகள் சுஜாந்தியின் விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தபோது, ஷிம்லா டீச்சர் வலயக் கணிதப் போட்டிக்குப் போகும் பிள்ளையின் பெயரை அப்போதுதான் எழுதியிருந்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே இடம். றிப்னாவுக்குத் தொண்ணூற்றைந்து, சுஜாந்திக்குத் தொண்ணூறு. பத்து மணிக்கு அதிபர் பட்டியலைக் கேட்பார்.

“ஐஞ்சு புள்ளி வெட்டியிருக்கீங்க டீச்சர். பிள்ள சரியாத்தானே எழுதியிருக்கு. சரி, ஐஞ்சு வேணாம், மூண்டாவது போடுங்க.”

ஷிம்லா புத்தளம் டவுன் துணிக்கடைக்காரரின் மகள். மூன்று கிடைத்தாலும் இடம் கிடைக்காது என்பதை எண்ணாத பேரம் அவளுக்குச் சிரிப்பூட்டியது. தாளை விரித்தாள். ‘மூன்று கூடை மீன் காய்ந்து கருவாடாக இரண்டு நாள். பன்னிரண்டு கூடைக்கு எத்தனை நாள்?’ மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் எட்டு என்று எழுத, சுஜாந்தி மட்டும் இரண்டு என்று எழுதியிருந்தாள்.

“நாலு மடங்கு மீன், நாலு மடங்கு நாள்” என்றாள் ஷிம்லா.

“வெயிலுக்குக் கூடை எண்ணத் தெரியுமா டீச்சர்? பாயைக் கூடுதலா விரிச்சா முடிஞ்சுது!”

ஷிம்லாவின் காது சுட்டது. அவள் கருவாடு தின்றவள், காயப்போட்டவள் அல்ல. ஆனால் வகுப்பில் பாதி, மீன் காயும் கரையோர வாடியில் வளர்ந்த பிள்ளைகள். கொப்பியைத் திறந்ததும் கண்ணால் கண்டதை மூடிவைக்க அவர்களைப் பழக்கியது யார்?

சுஜாந்தியையும் றிப்னாவையும் கூப்பிட்டாள்.

“எங்கட வாடியில பாய் நிறையக் கிடக்கு” என்றாள் சுஜாந்தி. “மூண்டு கூடைக்குத்தான் பாய் இருந்தா எட்டும் சரி. கேள்வியில அது இல்லையே டீச்சர்.”

“வாயை மூடு பிள்ள! வாற புள்ளியை நீயே திருப்பிக் குடுக்கிற!” என்று மாக்கிறட் அதட்டினாள்.

“நீ எப்பிடி எட்டு எடுத்த?” என்று ஷிம்லா றிப்னாவைக் கேட்டாள்.

றிப்னா விழித்தாள். “நீங்கதானே டீச்சர் அப்பிடிக் காட்டித் தந்த.”

ஷிம்லா சிவப்புப் பேனையை எடுத்தாள். சுஜாந்திக்கு ஐந்து புள்ளி போட்டாள். றிப்னாவின் புள்ளியில் கைவைக்கவில்லை. அந்த வழி தன்னுடையது. இருவரும் சமம். பட்டியலில் றிப்னாவின் பெயரை வெட்டிச் சுஜாந்தி என்று எழுதினாள்.

“பிழை என்ட பக்கம்தான், றிப்னா. ஆனா கேள்வியில என்ன குறையுது எண்டு பாத்தவள் போகட்டும்.”

றிப்னாவின் கண் நிரம்பியது. துடைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“டீச்சர், போன மாசம் தந்த மேசன்மார் கணக்கு… ஒரு சுவரை ஒரே நாளில கட்ட நூறு பேர் எண்டு வந்துதே. அவ்வளவு பேரும் எங்க நிக்கிற?”

றிப்னா உட்கார ஷிம்லா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

“கொப்பியை எடுத்துட்டு வா.”