பாறைச் சரிவின் மஞ்சள் தொண்டை

தேவகுமாரி ஏற்காட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கேமராவோடு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

கிளியூர் போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த ஹோட்டலின் வாசலில், ஆள் உயரப் பலகையில் தான் எடுத்த படத்தைக் கண்டதும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிட்டே போய்ப் படித்தாள். 'அரிய பறவை மஞ்சள் தொண்டைச் சின்னான். எங்கள் தோட்டத்தில் தினமும் காணலாம். படம்: தேவகுமாரி, ஏற்காடு.'

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படத்தில் இருந்தது வெண்புருவச் சின்னான். கண்ணுக்கு மேலே வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தது, தொண்டை வெளுத்திருந்தது. புதர் இருக்கிற தோட்டத்திலெல்லாம் வந்து கத்துகிற குருவி அது. மஞ்சள் தொண்டைக்கு அந்தக் கோடு கிடையாது. தலையும் தொண்டையும் எலுமிச்சம்பழம்போல இருக்கும். பாறைச் சரிவுப் புதர்களை விட்டு அது லேசில் இறங்காது.

நேராக உள்ளே போய் மேனேஜரைப் பிடித்தாள். சேலத்திலிருந்து வந்த கோகுல் என்கிற இளைஞன்.

"யாரைக் கேட்டு நான் எடுத்த படத்தை இங்க வெச்சீங்க?"

"இன்டர்நெட்ல இருந்துச்சுங்க மேடம். அதான் உங்க பேரைப் போட்டிருக்கோமே."

"வெண்புருவம்னுதானே நான் எழுதியிருந்தேன்? குருவி பேரை எதுக்கு மாத்துனீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்க இருக்குது. வர்ற கெஸ்ட்டுக்கு என்ன தெரியப் போவுது?"

"என் கடையில சுகர் மாத்திரையும் வெள்ளை, பிரஷர் மாத்திரையும் வெள்ளை. மாத்திக் கொடுத்துட்டு, என்ன தெரியப் போவுதுன்னு நானும் சொல்லட்டுங்களா?"

கோகுல் சிரித்தான். "ஏனுங்க, ஒரு குருவிக்குப் போயி நொம்பக் கோவப்படுறீங்க."

அப்போதுதான் ஹோட்டலுக்குப் பின்னாலிருந்து பொக்லைன் சத்தம் கேட்டது. என்ன வேலை என்று கேட்டாள்.

"மேல பாறையெல்லாம் ஒதுக்கி வியூ பாயின்ட் கட்டுறோமுங்க."

"அங்கதான் நிஜமான மஞ்சள் தொண்டை இருக்குது! நானே பார்த்திருக்கேன்."

"இருக்கட்டுங்க. கிளியூர்ல இருந்து நாலு பேரு வந்து இதையேதான் சொன்னாங்க. அந்தக் குருவி எங்க தோட்டத்துலயே இருக்குதுன்னு போர்டைக் காட்டினோம். உங்க பேரைப் பார்த்ததும் நம்பிட்டுப் போயிட்டாங்க."

தேவகுமாரிக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பாறையை உடைக்கத் தன்னையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள்!

வாசலுக்கு வந்தாள். கடை அட்டைப்பெட்டிகளில் எழுத வைத்திருந்த கறுப்பு மார்க்கரைப் பையிலிருந்து எடுத்தாள். பலகையில் பறவையின் பெயரை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இது வெண்புருவச் சின்னான். மஞ்சள் தொண்டை மேலே பாறையில் இருக்கிறது. அந்தப் பாறையைத்தான் இப்போது இடிக்கிறார்கள்.'

கோகுல் கத்திக்கொண்டே ஓடிவந்தான். சத்தம் கேட்டு, டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அப்ப காலையில எங்களுக்குத் தோட்டத்துல காட்டினது?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"வெண்புருவமுங்க. நல்ல குருவிதான். ஆனா அது மஞ்சள் தொண்டை இல்ல. வாங்க, காட்டுறேன்."

ஏழெட்டுப் பேர் அவள் பின்னால் ஏறினார்கள். கூட்டத்தைக் கண்டதும் பொக்லைன் ஓட்டுகிற முருகன் எஞ்சினை நிறுத்திவிட்டான். சரிவில் பாதி ஏற்கெனவே செம்மண்ணாகக் கிடந்தது. மீதிப் பாறைகளின் நடுவே, ஒரு புதரின் உச்சியில், மஞ்சள் தலையோடு ஒரு பறவை வந்து உட்கார்ந்து பாடியது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் போனில் வீடியோ எடுத்தார். பறவையை எடுத்த பிறகு போனைத் திருப்பிப் பொக்லைனையும் எடுத்தார்.

வீடியோ சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் வனத்துறை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார்.

சில நாள் கழித்துக் கோகுல் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தான். "போர்டை எடுத்தாச்சுங்க மேடம். இப்பத் திருப்திதானுங்களே?"

"உடைச்ச பாறையை எங்கிருந்து கொண்டுவந்து வெப்பீங்க?" என்றாள். சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. விசாரணையில் சாட்சி சொல்லப் போக, அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.